பணிமூப்பின்படி நிலத்தடி நீர்

ஒரு கல்லூரிக்குப் புதிய பாடம் வரும்போது முதலில் வரவேண்டியவர் ஆசிரியரா, மாணவரா என்று கேட்பவர்கள் உயர்கல்வியை அறியாதவர்கள். முதலில் வரவேண்டியது ஏ.சி. இரண்டாவது, அந்த அறைக்கு ஒரு பூட்டு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஒரு கல்லூரியில், 2003ஆம் ஆண்டு, புவித் தகவல் முறைமை என்னும் பாடம் இந்த வரிசை சற்றும் வழுவாமல் தொடங்கப்பட்டது.

எல்லாரும் ஜி.ஐ.எஸ். என்று அழைக்கும் இந்த முறைமை, அஞ்சத்தக்க ஒன்றன்று. ஓர் ஊரின் பாறையை ஒரு படமாக, மண்ணை ஒரு படமாக, சரிவை ஒரு படமாக வரைந்து, கணினிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். எந்த அடுக்குக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்லவேண்டும். உடனே கணினி எங்கே நிலத்தடி நீர் மிகுதி, எங்கே குறைவு என்பதை வண்ணம் தீட்டிக் காட்டிவிடும். அடுக்குவது கணினியின் வேலை. மதிப்பளிப்பது மனிதரின் வேலை. இக்கதை இரண்டாவது வேலையைப் பற்றியது.

முதலில் கற்பித்தலைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் கணினி இரண்டு. இரண்டுக்கும் வெல்வெட் உறை உண்டு. ஆயுதபூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் திரையின் நெற்றியில் அடுத்த ஆயுதபூஜை வரை இருக்கும். முதலாண்டு மாணவர்கள் கதவருகே நின்று கணினியைப் பார்க்கலாம். இரண்டாமாண்டு மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் சென்று பார்க்கலாம். மென்பொருளைத் திறக்கும் சிறு கருவி முதல்வரின் பீரோவில் இருந்தது. தொலைந்தால் யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அது அங்கேயே இருப்பது நல்லது என்று முடிவாயிருந்தது. ஆகவே செய்முறைத் தேர்வில், "மவுஸின் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்பது பத்து மதிப்பெண் வினாவாக அமைந்தது. வாலை நேராக வரைந்தவர்களுக்கு இரண்டு மதிப்பெண் குறைக்கப்பட்டது.

இந்த ஆய்வகத்தை உண்மையில் இயக்கத் தெரிந்தவர் ஜெயசித்ரா என்னும் விரிவுரையாளர். அவர் தற்காலிகப் பணியாளர் என்பதால் அது ஒரு தகுதியாகக் கருதப்படவில்லை.

அதே ஆண்டில், ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஒப்புதல் அளிக்கும் ஓர் அலுவலகத்திலும் இந்த நாகரிகம் புகுந்தது. "நிலத்தடி நீர்வள வரைபடம் இணைக்கப்படாத விண்ணப்பங்கள், தாகமின்மை கருதி நிராகரிக்கப்படும்" என்று சுற்றறிக்கை வெளியாயிற்று. மூன்றாண்டாக மழை பொய்த்த காலம். ஊராட்சிகள் பதறின. வரைபடம் வரைந்து தரும் பெரும்பணி மேற்படி கல்லூரியைத் தேடிவந்தது. துறைத்தலைவர் முனைவர் மாயவன் உடனே அதை ஆய்வுத் திட்டம் என்று பெயர்மாற்றி, பீரோவிலிருந்த கருவியையும் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டு, அடுக்குகளுக்கு மதிப்பளிக்கும் கூட்டத்தைக் கூட்டினார்.

"நூறு விழுக்காடு நம் கையில் இருக்கிறது," என்றார் மாயவன். அவர் பாறையியலில் முனைவர். "இதைப் பகிர்ந்தளிப்பதற்கு அடிப்படை என்ன?"

"எந்த அடுக்கு தண்ணியை அதிகமாத் தீர்மானிக்குதோ அதுக்கு அதிக மதிப்பு சார்," என்றார் ஜெயசித்ரா.

"அது கருத்து. நான் கேட்பது அடிப்படை."

"பணிமூப்பு," என்றார் சரிவு அடுக்கைக் கவனித்த இணைப் பேராசிரியர் அருள்முருகன். அறையில் நிம்மதி பரவியது. அரசாங்கத்தில் இதுவரை எவரும் எதிர்த்துப் பேசாத ஒரே அடிப்படை அது.

பாறைக்கு முப்பத்தைந்து வழங்கப்பட்டது, மாயவன் பணியில் சேர்ந்த ஆண்டைக் கருதி. சரிவுக்குப் பதினைந்து. நிலப் பயன்பாட்டு அடுக்கைக் கவனித்த விரிவுரையாளர் திருமுருகனுக்குப் பத்து. அவர் பதினொன்று கேட்டார், அடுத்த ஊதிய உயர்வின்போது பரிசீலிப்பதாகச் சொல்லப்பட்டது. ஜெயசித்ரா கவனித்த மண்ணுக்கு ஐந்து.

"முதல்வரை மறந்துவிட்டோமே," என்றார் அருள்முருகன்.

"முதல்வர் வணிகவியல் சார். அவருக்கு நிலத்தடி நீரில் என்ன அடுக்கு தரமுடியும்?" என்றார் திருமுருகன்.

"கல்லூரியில் நடக்கும் ஆய்வில் முதல்வருக்கு ஓர் அடுக்குகூட இல்லையென்றால் வெளியில் என்ன நினைப்பார்கள்? வணிகத்துக்கு உயிர் எது?" என்றார் மாயவன்.

"சாலை," என்றார் திருமுருகன்.

"அப்படியானால், 'தார்ச்சாலைக்கு எவ்வளவு அருகில்' என்று ஓர் அடுக்கு. முப்பது."

"சார், ரோட்டுக்கும் தண்ணிக்கும்..." என்று தொடங்கினார் ஜெயசித்ரா.

"முதல்வரிடம் நீங்களே சொல்கிறீர்களா?"

ஜெயசித்ராவின் பணி நீட்டிப்பு ஆணை முதல்வரின் மேசையில் இருந்தது. அவர் சாலையைக் குறித்துக்கொண்டார்.

"மழை?"

"அதையும் நான்தான் சார் பாக்கிறேன்."

"மூன்றாண்டுகளாக வருகைப் பதிவு எப்படி?"

"பாதிகூட இல்லைங்க சார்."

"எழுபத்தைந்து விழுக்காடு வராதவர் தேர்வே எழுதமுடியாது. கருணை அடிப்படையில் மீதமுள்ள ஐந்தைக் கொடுங்கள்."

"கிணறு சார்? நம்ம பசங்க ஊர் ஊராப் போய் கிணத்துல இறங்கி, எங்க எவ்வளவு தண்ணி இருக்குன்னு அளந்துட்டு வந்திருக்காங்க."

"பொறுப்பாசிரியர் யார்?"

"யாரும் இல்லைங்க சார். மாணவர்களே போனது."

மாயவன் பெருமூச்செறிந்தார். அவர் கடினசித்தர் அல்லர். "பொறுப்பாசிரியர் இல்லாத கிணற்றுக்கு மதிப்பளித்தால் தணிக்கையில் கேள்வி வரும், அம்மா. பூஜ்யம்."

இவ்வாறு நூறு விழுக்காடும் எவர் மனமும் புண்படாமல் பகிர்ந்தளிக்கப்பட்டது. கணினிக்கு மனம் இல்லாததால் அதுவும் புண்படவில்லை. சொன்னபடி வண்ணம் தீட்டியது. பாறை அந்த வட்டாரம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஊருக்கு ஊர் வேறுபட்டது சாலை ஒன்றுதான். நெடுஞ்சாலை ஓரமெங்கும் நீலம் ஓடியது. பேருந்து நிறுத்தங்களில் அது கடல்போல் கருத்தது. சாலையைவிட்டு விலக விலக மஞ்சளாகி, வயற்காட்டில் சிவப்பாயிற்று. நீர், பயணிகளைப் போலவே, பஸ் நிற்குமிடத்தில் கூடுகிறது என்னும் உண்மை முதன்முறையாக அறிவியலுக்குத் தெரியவந்தது.

எறையூர்ப் பக்கத்தில், சாலைக்கு வெகு உள்ளே இருந்த செங்குடிக்காடு என்னும் ஊர் கருஞ்சிவப்பாயிற்று. "மிகக் குறைவு. ஆழ்துளைக் கிணறு பரிந்துரைக்கப்படவில்லை."

ஊராட்சித் தலைவர் இருசம்மாள், தம் ஊரின் கிழக்குத் தெருவைச் சேர்ந்த சின்னம்மாளையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். ஆய்வகத்துக்கு வெளியே, ஏ.சி.யின் குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னம்மாள் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"பிரசிடெண்டம்மா, ஊத்து இங்கதான் இருக்கு. இவங்க ஊரெல்லாம் தேடுறாங்க."

"சும்மா இரு சின்னம்மா. படிச்சவங்க எடம்."

ஜெயசித்ரா அவர்களை உட்காரவைத்தார். சின்னம்மாள் தன் வழக்கை நேராகவே சொன்னாள். "எங்க தெருவுக்குத் தண்ணி இல்லைங்க டீச்சரம்மா. மேற்கால வயக்காட்டு மோட்டாரு கொட்டாயிக்குப் போய் நிக்கணும். அந்த ஆளு மனசு வச்சாதான் கொடம் நெறையும். எம் மருமவ தேவயானி, கண்ணாலம் ஆகி மூணு மாசம் பொறுத்தா. பெறவு உடையார்பாளையத்துல அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா. 'தெருவுல கொழா வந்தா சொல்லி வுடுங்க, வரேன்'னுட்டா. இப்ப எம் மவன் பொங்குறான், நான் திங்கிறேன். அவன் கொழம்பத் தின்னு பாத்தீங்கன்னா நீங்களே நாளைக்குப் போரு போட்டுருவீங்க."

ஜெயசித்ரா சிரித்தார்; பிறகு அடுக்குகளையும் மதிப்புகளையும் ஒளிக்காமல் விளக்கினார். இருசம்மாள் கூர்ந்து கேட்டார். அவர் இரண்டு தேர்தல் பார்த்தவர். எதற்கு எத்தனை என்பது உடனே விளங்கியது.

"அப்ப, எங்க ஊருக்குத் தார் ரோடு வந்தா தண்ணி வந்துடுங்களா?"

"வரைபடத்துல வரும்."

"அது போதும் டீச்சரம்மா. ஆபீஸ்ல அதைத்தான் குடிக்கிறாங்க."

குடிநீரைவிடத் தார் எளிதாகக் கிடைக்கும் காலம் அது. சாலை போடும் அலுவலகத்துக்கு ஜி.ஐ.எஸ். நாகரிகம் இன்னும் எட்டவில்லை. அவர்கள் ஒப்பந்தக்காரர் சும்மா இருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தார்கள். சும்மா இருந்தார். நெடுஞ்சாலையில் தொடங்கி, செங்குடிக்காட்டு மேற்கு எல்லை வழியாகக் கிழக்குத் தெரு வரைக்கும் தார்ச்சாலை வந்தது. அதன்மேல் ஒரு பஸ்ஸும் வந்தது. ஜெயசித்ரா புதிய சாலையைக் கணினியில் வரைந்தார். அடுத்த நொடியில் செங்குடிக்காட்டின் நிலத்தடியில் நீர் பெருகிற்று. கருஞ்சிவப்பு கருநீலமாயிற்று.

இருசம்மாளும் சின்னம்மாளும் அந்த நீலத்தை மடங்காமல் எடுத்துக்கொண்டு, ஒப்புதல் அலுவலகத்தில் உதவிச் செயற்பொறியாளர் வீரமணியின் முன் வைத்தார்கள்.

"வாழ்த்துகள்," என்றார் வீரமணி. "'மிக நன்று' என்று வந்திருக்கிறது."

"அப்ப போர் போட்டுடலாங்களா சார்?"

"எதற்கு? நீர்வளம் மிகுந்த ஊருக்கு அரசுச் செலவில் ஆழ்துளைக் கிணறா? விதியில் இடமில்லை அம்மா. உங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறை அனுப்பிய தண்ணீர் லாரியையும் நேற்றே நிறுத்திவிட்டோம்."

"செவப்பா இருந்தப்பவும் இல்லன்னீங்களே சார்."

"நீரே இல்லாத இடத்தில் துளையிட்டால் அது வீண்செலவு."

"தண்ணி இல்லன்னா தோண்டக்கூடாது. தண்ணி இருந்தா தோண்டவேணாம். அப்ப எந்த ஊருல சார் தோண்டுவீங்க?"

"மஞ்சள்," என்றார் வீரமணி, கனிவோடு. "மிதமான நீர்வளம். மஞ்சளாக வாருங்கள், மறுநாளே வண்டி வரும்."

"ரெண்டு பேரும் மூஞ்சியில மஞ்ச பூசிக்கிட்டு வந்தா ஆவுங்களா சார்?" என்றாள் சின்னம்மாள்.

வீரமணி அதைச் சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தார். "அதற்கு விதி இல்லை," என்றார்.

இருசம்மாள் சின்னம்மாளோடு மீண்டும் கல்லூரிக்குப் போனார். ஊரைக் கொஞ்சம் மஞ்சளாக்கித் தரமுடியுமா என்று மாயவனைக் கேட்டார். மாயவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆய்வு முடிவை வெளியார் வேண்டுகோளுக்காக மாற்றும் வழக்கம் இங்கே இல்லை. சாலை மாறினால் முடிவு மாறும்." அவருடைய நேர்மையில் எள்ளளவும் ஐயமில்லை.

சின்னம்மாள் பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள்: "பிரசிடெண்டம்மா, ஆளுக்கொரு கடப்பாரை எடுத்துப் பாதி ரோட்டைப் பேத்துப்புடலாமா?"

"வாயை மூடு. ரோட்டைப் பேத்தா கேஸு. அதுக்குத்தான் காண்ட்ராக்டர் இருக்காரு."

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஐப்பசியில் ஒரு மாலை, மூன்றாண்டு விடுப்பு முடிந்து, மழை பணிக்குத் திரும்பியது. ஒரே மாலைதான். ஆயினும் ஒப்பந்தக்காரர் அச்சாலையை அதற்கேற்பவே அமைத்திருந்தார். மேற்கு எல்லையிலிருந்து கிழக்குத் தெரு வரைக்குமான பகுதி முழுதும் கரைந்து ஓடையில் சேர்ந்தது. எஞ்சிய பகுதி மட்டும் எஞ்சியது. பஸ் மேற்கு எல்லையோடு நின்று திரும்பத் தொடங்கியது. ஜெயசித்ரா கணினியில் பாதிச் சாலையை அழித்தார். செங்குடிக்காடு மஞ்சளாயிற்று.

மாயவன் தம் அறிக்கையில் எழுதிய வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "அண்மையில் பெய்த நல்ல மழையின் விளைவாக, மேற்படி ஊரின் நிலத்தடி நீர்வளம் 'மிக நன்று' என்னும் நிலையிலிருந்து 'மிதம்' என்னும் நிலைக்குக் குறைந்துள்ளது." இவ்வறிக்கையைக் கல்லூரியில் நால்வர் படித்துக் கையொப்பமிட்டார்கள். அலுவலகத்தில் அறுவர் படித்துக் கையொப்பமிட்டார்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

சொன்னபடியே வண்டி வந்தது. மஞ்சள் கட்டம் ஊர் அளவுக்கு விரிந்திருந்ததால், அதற்குள் எங்கே துளையிட்டாலும் வரைபடத்துக்கு ஆட்சேபம் இல்லை. இருசம்மாள் கிழக்குத் தெருக் கோடியிலிருந்த பழைய கிணற்றைக் காட்டினார். கோடையிலும் ஆடுகள் குடிக்குமளவு கசிவு அதில் நின்றதை ஊரே அறியும். மாணவர்கள் இறங்கி அளந்து பூஜ்யம் பெற்ற கிணறுகளில் அதுவும் ஒன்று. அதனருகே துளையிட்டார்கள். தண்ணீர் பீறிட்டது. சின்னம்மாள் நனைந்தபடி நின்று, உடையார்பாளையத்துக்குச் சொல்லியனுப்ப ஆள் தேடினாள்.

மாயவன் ஒரு கருத்தரங்கில் இதைக் கட்டுரையாக வாசிக்கப் புறப்பட்டார்.

"சார், தண்ணி வந்தது கிணத்துப் பக்கத்துல," என்றார் ஜெயசித்ரா.

"மஞ்சளுக்குள்தானே வந்தது?"

"மஞ்சளுக்குள்தான் சார்."

"பிறகு?"

கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. பணிமூப்பு முறை பிற கல்லூரிகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் படிப்பவர்களுக்கு மனநிறைவாக இருக்கும். அலுவலகங்களும் பேராசிரியர்களும் மூடர்கள், நாமெல்லாம் அறிவுடையோர் என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் துளையிட்ட பிறகு குழாய் வைக்கவேண்டுமல்லவா?

இப்போதைக்கு ஒரு பொதுக்குழாய்தான் என்று வீரமணி எழுதிவிட்டார். அது எங்கே நிற்பது என்று தீர்மானிக்கக் குடியரசு நாளில் கிராமசபை கூடியது. செங்குடிக்காட்டை வரைபடத்தில் ஏற்றியவர் என்பதால் ஜெயசித்ராவுக்கு மேடையில் நாற்காலியும் துண்டும் அளிக்கப்பட்டன.

"சண்டை வேணாம்," என்றார் இருசம்மாள். "காலேஜுல படிச்சவங்க போட்ட முறை இருக்கு. அதையே போட்டுடுவோம். மொத்தம் நூறு மார்க்கு."

ஜெயசித்ராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"மூணு தடவையா உறுப்பினரா இருக்கேன்," என்றார் பிச்சைமுத்து. அந்த வயற்காட்டு மோட்டார்க் கொட்டகை அவருடையதுதான். "சர்வீசுல நாந்தான் மூப்பு. எங்க தெருவுக்கு முப்பத்தஞ்சு போடுங்க."

"வடக்குத் தெருவுக்கு இருபது. அவங்க உறுப்பினரு அங்கமுத்து போன தடவையே செயிச்சு வந்தவரு," என்றார் இருசம்மாள்.

"கோயிலு?"

"சாமிக்கு எந்தத் தெருன்னு இல்லாம பொதுவாப் பதினஞ்சு போடுங்க."

"பஸ் நிக்கிற எடம்? அங்க நெழக்குடையில எம் பேரு எழுதியிருக்கு," என்றார் இருசம்மாள். "தலைவருக்கு ஒரு எடம்கூட இல்லன்னா வெளியூர்க்காரன் என்ன நெனைப்பான்? முப்பது."

கோயில், பஸ் நிறுத்தம், பிச்சைமுத்துவின் தெரு மூன்றும் மேற்கு எல்லையில் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. மூன்றையும் கூட்டிப்பார்க்கக் கணினி தேவைப்படவில்லை. நூறும் தீர்ந்துவிட்டது.

"கெழக்குத் தெரு?" என்று எழுந்தாள் சின்னம்மாள். "போரு போட்டதே எங்க தெருவுல."

"உன் தெரு உறுப்பினர் எங்க?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனிக்குப் போயி ஒரு வருசம் ஆவுது."

"பொறுப்புக்கு ஆளு இல்லாத தெருவுக்கு நான் எப்புடி சின்னம்மா மார்க்கு போடுறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

ஜெயசித்ராவின் சிரிப்பு நின்றிருந்தது. "தலைவரம்மா, யாருக்குத் தண்ணி ரொம்பத் தேவையோ அவங்களுக்கு அதிக மதிப்பு..."

"அது ஆசை டீச்சரம்மா. நான் கேக்குறது கணக்கு. உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்," என்றார் இருசம்மாள், உண்மையான மரியாதையோடு.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தண்ணீர் தந்தமைக்காகக் கிழக்குத் தெருவுக்கு நன்றி தெரிவித்து மற்றொரு தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. கிழக்குக் கோடியிலிருந்து மேற்கு எல்லைவரை குழாய் புதைக்கப்பட்டது. அது சின்னம்மாளின் வாசலுக்கு நேர் கீழே சென்றது.

திறப்புவிழா நாளில் ஜெயசித்ரா மீண்டும் அழைக்கப்பட்டிருந்தார். ரிப்பன் வெட்டப்பட்டு, தண்ணீர் வந்து, வரிசை நீண்டுகொண்டிருந்த வேளையில், பஸ் வந்து நிழற்குடையில் நின்றது. தேவயானி ஒரு பையோடு இறங்கினாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"வாம்மா, வா!" என்று குடத்தோடு ஓடினாள் சின்னம்மாள். "கொழா வந்துருச்சு பாத்தியா?"

"பாத்தேன் அத்தை. தெருவுக்கு வந்துருச்சுன்னு சொல்லி வுட்டீங்களே."

"தெருவுலதாம்மா தோண்டுனது. தண்ணி நம்ம வாசலு வழியாத்தான் இங்க வருது. தரைக்குள்ள. காதை வச்சுப் பாத்தா சத்தம்கூடக் கேக்கும்."

"காதுல கேக்குறதை எந்தக் கொடத்துல அத்தை புடிக்கிறது?"

சின்னம்மாள் பையை வாங்கக் கை நீட்டினாள். தேவயானி கிழக்கே பார்த்தாள். தார் இருந்த இடத்தில் ஓடை அரித்த பள்ளம் தெரிந்தது. அதற்கப்பால், வெயிலில், அவள் வீடு. குழாயை நன்றாகவே பார்த்தாள். அது பஸ் படிக்கட்டுக்கு மிக அருகில் இருந்தது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

"அவரு கொழம்பு வச்சா உப்பைக் கொறைச்சுப் போடச் சொல்லுங்க அத்தை," என்று சொல்லிவிட்டு, தேவயானி அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

சின்னம்மாள் காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நடந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பிச்சைமுத்து வீட்டார் வருந்தினார்கள். அங்கமுத்துவின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருசம்மாள், அடுத்த கூட்டத்தில் இதைப் பேசியே தீருவதாகச் சொன்னார். கையில் காலித் தண்ணீர் பாட்டிலோடு சின்னம்மாளுக்கு நேர் முன்னால் நின்ற ஜெயசித்ரா எல்லாரையும்விட அதிகமாக வருந்தினார்.

வரிசையில் தம் இடத்தை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.